விழவில்லை, உட்கார்ந்தார்

மலையேறும் கூட்டம் எந்த ஊரில் கூடினாலும் அதில் தவறாமல் ஒருவர் இருப்பார். அவர்தாம் விழாதவர். நீங்கள் விழுவீர்கள், உங்கள் நண்பர் விழுவார், பாறையிலேயே பிறந்து பாறையிலேயே மேய்கிற ஆடுகூட என்றாவது ஒருநாள் கால் தவறி உருளும். அவர் மட்டும் விழமாட்டார். சறுக்குவார், சாய்வார், குனிவார், திடீரென்று உட்காருவார்; சில சமயம் பாறையை நெருங்கிப் பார்க்கும் ஆசையில் அதன்மேல் முகத்தை வைத்துக் கொஞ்ச நேரம் படுத்துக்கூடக் கிடப்பார். ஆனால் விழுந்தார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் என்ன ஆகும்? உங்களுக்கு மலையேறத் தெரியாது என்று ஆகும்.

இந்த இனம் எல்லாச் சீமையிலும் விளைகிறது என்றாலும் ஓசூர், சூளகிரிப் பக்கத்து ரகம் தனி ரகம். அதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே மதிலுக்கு இந்தப் பக்கம் தொழிற்சாலை, அந்தப் பக்கம் மொட்டைப் பாறை. ஆறு நாள் ஷிப்டு பார்த்துவிட்டு ஏழாவது நாள் கயிறும் தண்ணீர் பாட்டிலுமாகக் கிளம்பிவிடுகிறவர்கள் ஏராளம். கயிற்றை மட்டுமா எடுத்துப் போகிறார்கள்? கம்பெனிப் பழக்கங்களையும் சேர்த்தே மூட்டை கட்டுகிறார்கள். கம்பெனி வாசலில் ஒரு பலகை மாட்டியிருக்குமே, பார்த்திருப்பீர்கள். 'விபத்தில்லா நாட்கள்' என்று எழுதி, பக்கத்தில் ஓர் எண். நாளுக்கு ஒன்றாக அது ஏறும். யாருக்காவது அடிபட்டால் ஒரே குதியில் சைபருக்கு இறங்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எண் வளர வளர அதன்மேல் ஒரு பாசம் வந்துவிடுகிறது. மனிதருக்கு அடிபட்டால் கட்டுப் போட்டுக்கொள்ளலாம், எண்ணுக்கு அடிபட்டால் என்ன செய்வது? அதனால் கால் சுளுக்கிய தொழிலாளியை வீட்டிலிருந்து காரில் அழைத்து வந்து, ஏசி அறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, சாயங்காலம் அதே காரில் கொண்டுபோய் விட்டுவருகிற மேலாளர்கள் உண்டு. ஆள் வேலைக்கு வந்துவிட்டார் அல்லவா? அப்புறம் என்ன விபத்து என்பது அவர்கள் கட்சி.

நம்முடைய திருமலையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரேக் சாமான் செய்யும் கம்பெனி ஒன்றில் லைன் சூப்பர்வைசர். தரையில் ஒரு சொட்டு எண்ணெய் கிடந்தால் போதும், கையைத் தூக்கி மொத்த லைனையும் நிறுத்திவிடுவார். நிறுத்திவிட்டு அந்தச் சொட்டின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "இது யாருது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். யாருடையது என்று தெரிந்து, துடைத்து, துடைத்த துணியையும் பார்த்த பிறகுதான் மெஷின் ஓடும். அவரால் பிழைத்த விரல்கள் அந்தக் கம்பெனியில் எத்தனையோ. மனிதர் தங்கமானவர், அதில் சந்தேகமே வேண்டாம். அந்தத் தங்கத்தை வாரத்தில் ஒருநாள் மலைக்குக் கொண்டுபோவதில்தான் சிக்கல்.

சூளகிரிக்கு அப்பால், மாந்தோப்புகளுக்கு நடுவே, தவளைக்கல் என்று ஒரு பாறை உட்கார்ந்திருக்கிறது. புல் பூண்டு எதுவும் முளைக்காத ஒரே கல். அதன் முதுகில் ஏறி, தலையில் நின்று, ஒருபக்கம் நெடுஞ்சாலை லாரிகளையும் மறுபக்கம் கர்நாடகத்து மேகங்களையும் பார்க்கலாம். தவளைக்கல் மலையேற்றக் குழு என்ற பெயரில் திருமலை ஆரம்பித்த கூட்டத்தில் இப்போது ஒரு வேன் நிறைய ஆட்கள். வாட்ஸப்பிலும் குழு உண்டு. அந்தக் குழுவின் பெயரிலேயே விபத்தில்லா நாட்களின் எண்ணைச் சேர்த்து, தினமும் காலையில் அதை ஒன்று கூட்டிவைப்பது கர்நாடக எல்லை அத்திப்பள்ளியிலிருந்து வரும் கன்னடக்காரர் சுபாஷின் பொறுப்பு. திருமலை பல் துலக்கும் முன் அந்த எண்ணைத்தான் பார்ப்பார்.

மலையடிவாரத்தில் நடக்கும் சடங்கை நீங்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். எல்லோரும் ஆரஞ்சு நிறச் சட்டையும் தலைக்கவசமுமாக வரிசையில் நின்று, வலது கையை நீட்டி, பாதுகாப்பு உறுதிமொழி எடுப்பார்கள். திருமலை சொல்லச் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். மேய்கிற ஆடுகள் மேய்வதை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கும். கடைசியில் அவர் வழக்கமாகச் சொல்லும் வாக்கியம்: "மலை யாரையும் ஒண்ணும் பண்ணாதுங்க. நாமளா எதுனா பண்ணிக்கினாதான் உண்டு."

மலை ஒன்றும் பண்ணாது என்று முடிவாகிவிட்டபடியால், பண்ணியதற்கெல்லாம் வேறு பெயர் வைக்க வேண்டியதாயிற்று. லால் பாஷாவை ஒருமுறை மலைத்தேனீ கூட்டமாகக் கொட்டி, முகம் பன் மாதிரி வீங்கிப்போயிற்று. லால் பாஷா ஓசூரில் இருசக்கர வாகன உதிரிபாகக் கடை வைத்திருப்பவர், திருமலைக்குப் பழைய சிநேகிதர். வீங்கிய முகத்துக்குள் கண் எங்கே இருக்கிறது என்று எல்லோரும் தேடிக்கொண்டிருக்கும்போதே திருமலை தீர்ப்பு வழங்கிவிட்டார்: தேனீ கொட்டுவது இயற்கை, விபத்தில் சேராது. இன்னொரு முறை, சானமாவுக் காட்டோரம் ஒற்றை யானை எதிர்ப்பட்டு, எல்லோரும் பிடித்த ஓட்டத்தில் சுபாஷ் முள்ளுப்புதருக்குள் போய்ச் சொருகிக்கொண்டார். சாயங்காலம் வரைக்கும் முள் எடுத்தார்கள். தீர்ப்பு: ஓடுவது மலையேற்றத்தில் சேராது, ஆகவே மலையேற்ற விபத்தும் ஆகாது. சரிதாவுக்குப் பாறை வெடிப்பில் கை மாட்டி மணிக்கட்டு பிசகியபோது, மறுநாள் ஷிப்டுக்கு வருவாளா என்று மட்டும் கேட்டார். வருவேன் என்றாள். "அப்ப அது விபத்தில்ல, அனுபவம்" என்றார்.

சரிதா அவர் கம்பெனியிலேயே தரச் சோதனைப் பிரிவில் இருக்கும் பெண். அளவு சரியில்லாத சாமானைத் திருப்பி அனுப்பியே பழகியவள்.

"அப்ப எதுதாண்ணா விபத்து?" என்று கேட்டுவிட்டாள்.

 திருமலை கொஞ்ச நேரம் யோசித்தார். கேள்வி நியாயமானதுதானே? பிறகு சட்டம் பிறந்தது: "சொந்தக் கால்ல நடந்து வேனுக்கு வந்துட்டா அது விபத்தே கெடையாது. நாலு பேரு தூக்கியாந்தாதான் விபத்து." எல்லோரும் கை தட்டினார்கள். கட்டுப் போட்ட கையால் தட்ட முடியாமல் சரிதா மட்டும் சும்மா இருந்தாள்.

இப்படியாக எண் வளர்ந்து வளர்ந்து, போன கோடையில் ஆயிரத்தைத் தொட வந்தது. திருமலைக்கு அந்த எண் எவ்வளவு பெரிய விஷயம் என்று நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். கம்பெனி வாசலில் இருக்கும் எண் கம்பெனியுடையது. அதற்காக அவர் தொண்டை வறளக் கத்தினாலும் பரிசு வாங்க மேடையேறுவது மேலாளர்தான். இந்த ஆயிரம் மட்டும் முழுக்க முழுக்க அவருடையது. அதை நினைத்தாலே அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும். ஆயிரம் நிறையும் ஞாயிற்றுக்கிழமை தவளைக்கல்லின் தலையில் விழா என்று முடிவாகி, 'விபத்தில்லா ஆயிரம் நாட்கள்' என்று ஃபிளெக்ஸ் அடித்து, அதைப் பிடித்து நிற்க இரண்டு மூங்கில் கம்பும், கழுத்துக்கு ஓசூர் ரோஜாவில் ஒரு மாலையும், வெட்டுவதற்கு மூன்றடுக்கு கிரீம் கேக்கும் ஏற்பாடாயின.

கோடையில் நம் பக்கத்து மழை எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியாததா? மத்தியானம்வரை மண்டையைப் பிளக்கும் வெயில், பிறகு ஆனேக்கல் பக்கமிருந்து ஒரு கருப்பு, கொஞ்சம் புழுதி, ஒரு குளிர்ந்த காற்று, அப்புறம் இடியும் ஆலங்கட்டியும் மாங்காய் உதிர்வும். அன்றைக்கும் எல்லோரும் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது மேற்கே அந்தக் கருப்பு தலையை நீட்டியிருந்தது.

"சார், மளெ பருத்தெ. மழை வந்துடும், எறங்கிடலாம்," என்றார் சுபாஷ்.

"வரட்டுமே. கேக்கு வெட்ட எவ்ளோ நேரம் ஆவப்போவுது?" என்றார் திருமலை.

கேக்கு வெட்டுவதற்கு நேரம் ஆகவில்லை. அதற்கு முன்னால் உரையாற்றுவதற்குத்தான் ஆயிற்று. பாதுகாப்பு என்பது தலையில் போடுவதல்ல, மனசில் போடுவது என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது கருப்பு பாதி வானத்துக்கு வந்துவிட்டது. இடி உறுமியது. அவசர அவசரமாகக் கேக்கு வெட்டி, ஆளுக்கொரு துண்டு வாயில் ஊட்டி, மாலையைப் போட்டு, ஃபிளெக்ஸைப் பிடித்து, படம் எடுக்க நின்றார்கள். ஃபிளெக்ஸ் முழுதாகத் தெரியவில்லை என்றார் படம் எடுத்தவர். திருமலை ஓரடி பின்னால் வைத்தார். இன்னும் ஓரடி. அந்த இரண்டாவது அடியின் கீழே, சற்றுமுன் அவர் கையிலிருந்தே நழுவி விழுந்த கேக்குத் துண்டு, கிரீம் பக்கம் மேலாகக் கிடந்தது.

அடுத்த கணம் தலைவர் கண்ணுக்குத் தெரியவில்லை. கீழே பார்த்தால், பாறைச் சரிவில் கொஞ்ச தூரம் போய், மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கிறார். வலது பாதம் பார்க்க வேண்டிய திசையைப் பார்க்கவில்லை.

"ஐயோ, தலைவரு விழுந்துட்டாரு!"

"யாரு விழுந்தா?" என்று அங்கிருந்தே அதட்டினார் திருமலை. "உக்காந்தேன்."

சரிதா ஓடிவந்து அந்தக் கிரீம் தடத்தின் பக்கத்தில் நின்றாள். அவளுக்கும் பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணா, இது யாருது?"

திருமலை வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கணுக்கால் கண்ணெதிரிலேயே வீங்கிக்கொண்டு வந்தது. இரண்டு பேர் தோள் கொடுத்துத் தூக்க வந்தார்கள். "தொடாதீங்க!" என்று ஒரு கத்தல். தூக்கினால் விபத்து, விபத்தென்றால் சைபர். ஆயிரத்தை இன்றைக்குத்தான் தொட்டிருக்கிறது, அதுவும் கேக்கு வெட்டிய கை இன்னும் காயவில்லை. மனிதர் எழுந்து நிற்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு உட்கார்ந்தபடியே நகர ஆரம்பித்தார். பாறையில் உட்கார்ந்து இறங்குவது உலகம் முழுக்க ஒப்புக்கொள்ளப்பட்ட முறை என்று நகர்ந்துகொண்டே விளக்கமும் சொன்னார். அவர் நகர்ந்த வேகத்துக்கு வேனை அடைய மறுநாள் விடிந்துவிடும். அவரை விட்டுவிட்டு இறங்க மற்றவர்களுக்கு மனம் வரவில்லை. ஆக, இடி உறுமும் வானத்துக்கடியில், சுற்றுவட்டாரத்திலேயே உயரமான மொட்டைப் பாறையில், ஒரு வேன் ஆட்கள் ஓர் எண்ணுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள்.

பெரிய பெரிய துளிகள் விழுந்தன. வெயிலில் காய்ந்துகிடந்த பாறை புகைந்தது. திடீரென்று சுபாஷ், "சரிதா, உன் தலைமுடி!" என்றார். கவசத்துக்குக் கீழே தொங்கிய பின்னலிலிருந்து மயிரெல்லாம் தனித்தனியாகப் பிரிந்து மேல்நோக்கி நின்றது. எல்லோர் கையிலும் ரோமம் சிலிர்த்திருந்தது. மின்னல் இறங்க இடம் பார்க்கிறது என்று அதற்கு அர்த்தம்.  எல்லோருக்கும் பயம் வந்துவிட்டது, உண்மையான பயம்.

லால் பாஷாதான் முதலில் சுதாரித்தார். ஃபிளெக்ஸைப் பிடுங்கினார். அதன் இரண்டு ஓரத்திலும் மூங்கில் கம்பு கோத்துத்தான் இருந்தது. அப்படியே திருமலையின் பக்கத்தில் விரித்தார்.

"தலைவரே, தூக்கினா விபத்து. உங்க ரூலு, ஒத்துக்கறேன். விழா நாயகரைப் பல்லக்குல ஊர்வலமா கூட்டினு போனா அது என்னாத்துல சேரும்?"

அந்த இடியிலும் திருமலை யோசித்தார் என்பதை நீங்கள் நம்ப வேண்டும்.

"அது... அது மரியாதைல சேரும்."

"மாலை கழுத்துலயே இருக்குது. ஏறுங்க!"

ஏறினார். நாலு பேர் கம்பைத் தோளில் வைத்தார்கள். பழைய காலத்தில் யாரோ வெட்டிவைத்த படிகளில், மழையில் வழுக்கி, முழங்கால் தேய்ந்து, ஆலங்கட்டி தலைக்கவசத்தில் தாளம் போட, ரோஜா மாலை அணிந்த பாதுகாப்புத் தலைவர் 'விபத்தில்லா ஆயிரம் நாட்கள்' மேல் படுத்துக்கொண்டு பவனி வந்தார். வழியில் அவர் பழக்க தோஷத்தில் ஒருமுறை, "பாத்து, கால் பாத்து வைங்க" என்றார். கீழே சுமந்தவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பது இடியில் கேட்கவில்லை. கேட்காமல் போனது நல்லதுதான்.

வேனுக்குள் எல்லோரும் அடைந்து கதவைச் சாத்தியதும் அது நடந்தது. வெள்ளையாக ஒரு வெளிச்சம், காது அடைக்கும் ஓர் ஓசை. ஜன்னல் வழியே பார்த்தவர்களுக்குத் தவளையின் தலையிலிருந்து புகை எழுவது தெரிந்தது. சரியாக அவர்கள் கேக்கு வெட்டிய இடம். ஒரு பெரிய கற்சில்லு பெயர்ந்து, திருமலை உட்கார்ந்து நகர்ந்த சரிவு வழியாகவே உருண்டு வந்தது.

 திருமலை சுற்றிலும் பார்த்தார். சரிதா இரண்டு கையாலும் பின்னலை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். லால் பாஷாவின் தோளில் கம்பு உராய்ந்து சட்டையோடு தோலும் கிழிந்திருந்தது. இவர்களில் ஒருவர்கூடத் தன்னை விட்டுவிட்டுப் போகவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தான் அவர்களை என்னத்துக்காக அங்கே நிறுத்திவைத்தோம் என்பதும் கூடவே உறைத்தது. வெட்கமாக இருந்தது. கால் வலியைவிட அது அதிகம் வலித்தது.

சுபாஷ் கைப்பேசியை எடுத்தார். "சார், நாளைக்குக் காலையில என்ன நம்பர் போடட்டும்?"

வேன் முழுக்க அவரையே பார்த்தது. மரியாதை என்று சொல்லிவிடலாம். லால் பாஷாவே சாட்சி சொல்லுவார். ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு என்று அது பாட்டுக்குப் போகும். திருமலை மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு எதுக்கு? இப்பவே சைபர் போடு."

சுபாஷ் போட்டார்.  பிறகு லால் பாஷா தொண்டையைக் கனைத்தார்.

"தலைவரே, அப்ப என் தேனீ?"

"அதுவும் விபத்துதான்," என்றார் திருமலை.

"என் முள்ளு சார்?"

"அதுவுந்தான்."

"மணிக்கட்டுண்ணா?"

"ஆமாம்மா, விபத்துதான். மன்னிச்சுக்க."

அவ்வளவுதான். வேனில் ஆளாளுக்கு எழுந்துவிட்டார்கள். ஒருவருடைய முழங்கால், ஒருவருடைய முன்பல், ஒருவர் யாரிடமும் சொல்லாமல் மூன்று வாரம் நொண்டியது என்று பழைய கணக்கெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் அந்தக் குழு அடிபடாமல் ஒரு மாதம் முழுதாக இருந்ததே இல்லை. ஆயிரம் நாளாக அடக்கிவைத்த 'ஐயோ அம்மா' எல்லாவற்றையும் அன்றைக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். திருமலையும் சிரித்தார்; சிரிக்கும்போது கால் வலித்தது; முதல் தடவையாக "ஐயோ" என்று வாய்விட்டுக் கத்தினார். அதற்கும் எல்லோரும் கை தட்டினார்கள். இந்த முறை சரிதாவும் தட்டினாள்.

அப்படியானால் மனிதர் திருந்திவிட்டார், கதை சுபம் என்று எழுந்துவிடாதீர்கள். மாவுக்கட்டோடு வீட்டு வாசலில் இறங்கியவரை மனைவி மணிமேகலை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னாங்க இது, எங்க விழுந்தீங்க?"

"விபத்து மணிமேகலை. ஒத்துக்கறேன், பெரிய விபத்து," என்றார் திருமலை. "ஆனா விழல. உக்காந்தேன்."

மறுநாள் காலை குழுவின் பெயரில் விபத்தில்லா நாள் ஒன்று என்று இருந்தது. திருமலை பல் துலக்கும் முன் அதைப் பார்த்தார். ஆயிரத்தைப் பார்க்கும்போது வராத ஒரு நிம்மதி அந்த ஒன்றைப் பார்த்தபோது வந்ததாம். லால் பாஷாவிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னார். லால் பாஷா அதை உடனே குழுவில் போட்டுவிட்டார்.

சிரித்து முடித்தாயிற்றா? சரி, ஒரே ஒரு கேள்வி. நீங்கள் மலையேறுகிறவராக இல்லாமல் இருக்கலாம். அதனால் ஒன்றுமில்லை, பாறைதான் வேண்டும் என்று இல்லை. பஸ் நிலையத்துப் படியோ, ஆபீசில் ஈரம் துடைத்த தரையோ, உங்கள் தெருமுனையில் மணல் கொட்டிய வளைவோ போதும். அங்கே வண்டியோடு சாய்ந்தீர்களே, அல்லது வண்டியே இல்லாமல் சாய்ந்தீர்களே, அன்றைக்கு எழுந்ததும் முதலில் எதைப் பார்த்தீர்கள்? முழங்காலையா, சுற்றுமுற்றுமா? யாரும் பார்க்கவில்லை என்று உறுதியான பிறகுதானே வலிக்கவே ஆரம்பித்தது?